இடம் நான் சொல்ல, தோற்றம் அக்கா சொல்ல: ஹோம் தியேட்டர் அமைத்த அனுபவம்

ஒரு படம் முடிவதற்குள் அம்மா பத்து தடவையாவது "என்னடா சொன்னான் அவன்?" என்று கேட்டுவிடுவார். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம் என்றுதான் நினைத்தோம். காதைப் பரிசோதித்தபோது ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் புது ஹோம் தியேட்டரில் இருந்தது.

அதை அமைத்துக் கொடுத்தவர் பார்க்க அழகாகத்தான் செய்திருந்தார். திரைக்குக் கீழே சுவர் நீளத்துக்கு மர அலமாரி. வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கர் அதற்குள், மரச்சட்டங்கள் அடுக்கிய கதவுக்குப் பின்னால். ஒரு கம்பிகூட வெளியே தெரியாது. ஒருநாள் ராத்திரி அந்தக் கதவைக் கழற்றினேன். ஸ்பீக்கரை அலமாரியின் விளிம்பு வரை இழுத்து, முன்பக்கத்துக்குக் கீழே ரப்பர் துண்டுகள் வைத்து, உட்காருபவரின் காதை நோக்கி நிமிர்த்தினேன். அம்மாவைக் கூப்பிட்டு, அவர் திணறிய அதே காட்சியைத் திரும்ப ஓட்டினேன். முழுதும் பார்த்தார். ஒரு கேள்வி வரவில்லை.

காரணம் எளிமையானதுதான். அலமாரிக்குள் ஸ்பீக்கரைச் சுற்றியிருக்கும் வெற்றிடம் தானும் சேர்ந்து அதிர்கிறது. ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். பேச்சைப் புரிய வைப்பது மெய்யெழுத்துகளின் கூர்மை, குறிப்பாக க, ச, ட, த போன்ற வல்லினம். அந்தக் கூர்மையில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 2,000 அதிர்வுக்கு, மேலே இருக்கிறது. அங்கே ஒலி அலையின் நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. குறுக்கே மரச்சட்டம் இருந்தால் மோதிச் சிதறிவிடும்.

மறுநாள் அக்கா வந்தார். அவர் இன்டீரியர் டிசைனர். கதவில்லாத அலமாரியையும், வாய் பிளந்த மாதிரி எட்டிப் பார்த்த ஸ்பீக்கரையும் பார்த்துவிட்டு, "பகல்ல இந்த ரூம்ல யாருடா உட்காருவா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம். அது படத்துக்கென்று மட்டும் ஒதுக்கிய அறை இல்லை. அம்மா மதியம் படிப்பதும், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான்.

சரி, முழுதும் பிரித்துத் திரும்பச் செய்யலாம் என்று முடிவானது. முதல் சில வாரங்கள் சண்டைதான். நான் ஒன்றை நடு அறையில் வைக்கச் சொல்வேன், அவர் மூலைக்குத் தள்ளுவார். கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார்: "எது எங்க இருக்கணும்னு நீ சொல்லு. அது எப்படித் தெரியணும்னு நான் சொல்றேன். உன் இடத்துல நான் கைவைக்க மாட்டேன், என் தோற்றத்துல நீ கைவைக்காதே." அதற்குப் பிறகு வேலை நகர ஆரம்பித்தது.

முதலில் சோபா. அறை 18 அடி நீளம், 12 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. அப்போதுதான் தரை விசாலமாகத் தெரியும். ஆனால் எந்த அறையிலும் நீளவாக்கில் சில தாழ்ந்த சுருதிகள் இரு சுவருக்கும் இடையே மோதி மோதி நிலைத்து நிற்கும். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் சுருதி கிடைக்கும்: எங்கள் அறைக்கு 31 ஹெர்ட்ஸ், அடுத்தது 62. இவை எல்லாமே சுவரை ஒட்டிய இடத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவருக்கு வெடிச்சத்தம் ஒவ்வொன்றும் 'பூம்' என்று இழுத்துக்கொண்டே போகும். நட்டநடுவில் உட்கார்ந்தாலோ 31 ஹெர்ட்ஸ் காணாமல் போய்விடும். காது பின்சுவரிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருக்கட்டும் என்று 6 அடி கேட்டேன்.

அக்காவுக்கு அது பெரிய இழப்பு. "சோபாவுக்குப் பின்னாடி வெறும் தரையா?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து வரைபடத்தோடு வந்தார். சோபாவின் முதுகை ஒட்டி, அதே உயரத்தில், நீளமான புத்தக அலமாரி. பின்னால் மிஞ்சிய இடத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. வீணாகப் போகும் என்று அவர் பயந்த அந்த மூலையில்தான் இப்போது வீட்டில் எல்லோரும் போய் உட்காருகிறார்கள். சோபா முன்னால் வந்ததில் படத்துக்கும் லாபம். திரை 110 அங்குலம், அகலம் 8 அடி. சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தால் திரை கண்ணுக்கு 29 டிகிரிதான் விரியும். பார்க்கும் கோணம் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை. இப்போது 40-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது.

சென்டர் ஸ்பீக்கர் பிரச்சினைக்கு நான் கேட்டது, ஒலியை ஊடுருவ விடும் நெய்த திரை. அசல் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு மரச் சட்டகம் எழுப்பி, அதில் திரையை மாட்டி, மூன்று முன் ஸ்பீக்கர்களையும் அதன் பின்னால் வைப்பது. மூன்றும் ஒரே மாடல், மூன்றின் ட்வீட்டரும், அதாவது உயர் சுருதிகளை ஒலிக்கும் சின்னப் பகுதியும், காது உயரத்தில். நடிகர் பேசினால் குரல் அவர் வாயிலிருந்தே வரும், கீழே இருக்கும் அலமாரியிலிருந்து அல்ல. வெளியே ஒரு பெட்டியும் தெரியாது. அக்காவும் நானும் ஒரே மூச்சில் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான். விலையாகக் கொடுத்தது ஒன்றரை அடித் தரை. நெய்த துணி உயர் சுருதிகளை லேசாகக் குறைக்கும். அளந்து, ஒவ்வொரு சுருதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஈடுகட்டிவிடலாம். திரைக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கறுப்பாக்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் துணியின் துளை வழியாக உள்ளே போகும் வெளிச்சம் பளபளப்பான ஸ்பீக்கரில் பட்டுத் திரும்பி வந்து, இருட்டுக் காட்சியில் அதன் உருவம் மங்கலாகத் தெரியும்.

அடுத்தது சுவரின் நிறம். அக்கா அறை முழுக்க வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை கேட்டார். எனக்குக் கறுப்பு வேண்டும். வாதம் செய்து பயனில்லை என்று, இருட்டிய பிறகு அவரைச் சோபாவில் உட்கார வைத்தேன். பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருக்கும் ஒரு படத்தைத் திரையில் போட்டேன். கறுப்புப் பாதி சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு கறுப்புப் போர்வையின் இரு முனைகளை நானும் என் மகனும் ஏணிகளில் நின்று பிடித்து, திரைக்கு முன்னால் கூரையை மறைத்தோம். கறுப்புப் பாதி சட்டென்று ஆழமானது. போர்வையை இறக்கினோம், மறுபடி சாம்பல். அக்கா, "இன்னொரு தடவை தூக்கு" என்றார். தூக்கினோம். திரையின் வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு, திரும்பவும் திரையிலேயே விழுகிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. என்ன விலைக்கு ப்ரொஜெக்டர் வாங்கினாலும் இந்த வெளிச்சம் அதன் கறுப்பைக் கெடுத்துவிடும்.

அவர் கண்டுபிடித்த வழி அழகானது. திரைச் சுவரும், அங்கிருந்து 5 அடி வரை கூரையும் பக்கச் சுவர்களும் பளபளப்பே இல்லாத அடர் கரிநீலம். அதற்குப் பிறகு மரப்பட்டை ஒன்று ஓடி, அதைத் தாண்டி மண் நிறம். பகலில் பார்த்தால் ஒரு மேடையின் வாயில்போலத் தெரியும். படம் ஓடும்போது அந்த வாயில் இருட்டில் கரைந்துவிடும்.

பக்கச் சுவர்களில் ஒலி உறிஞ்சும் பேனல் வைப்பதில்தான் அதிக நேரம் போனது. எங்கே வைப்பது என்பது கஷ்டமே இல்லை. சோபாவில் நான் உட்கார, மகன் ஒரு கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனான். ஸ்பீக்கர் எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலி பட்டுத் திரும்புகிறது, அங்கே பென்சில் குறி. தடிமனில்தான் தகராறு. அக்கா ஒரு அங்குல அலங்காரப் பேனல்களைப் பார்த்து வைத்திருந்தார். மெல்லிய பேனல் கீச்சொலியை மட்டும் தின்னும், கீழே இருக்கும் முழக்கத்தை விட்டுவிடும். அப்புறம் அறை மந்தமாகவும் இருக்கும், முழங்கவும் செய்யும். நான் கேட்டது 4 அங்குல ராக்வூல், கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு. சுவரில் மெத்தை மாட்டியதுபோல இருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை.

முடிவில் பக்கச் சுவர் முழுவதுக்கும் மரச்சட்டம் அடித்து, ஒரே சீராகத் துணி இழுத்துக் கட்டினோம், சுவரின் அந்தந்த நிறத்திலேயே. குறி போட்ட இடங்களில் மட்டும் உள்ளே ராக்வூல். மற்ற இடங்கள் வெறுமை. பக்கவாட்டு ஸ்பீக்கர்களும் அதே துணிக்குள். வெளியே பார்த்தால் ஒரு சுவர், அவ்வளவுதான்.

துணி வாங்கப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்கா தேர்ந்தெடுத்தது கனமான சோபாத் துணி, தொட்டாலே விடமாட்டோம், அப்படியொரு நெசவு. நான் அதை வாயில் வைத்து ஊதினேன். மறுபக்கம் வைத்த கையில் காற்றே படவில்லை. பின்புறம் திருப்பினால் ரப்பர் பூச்சு. காற்று போகாத துணியில் ஒலியும் ஒழுங்காகப் போகாது. ராக்வூலுக்கு முன்னால் அதைக் கட்டினால் உயர் சுருதிகள் துணியிலேயே பட்டுத் திரும்பும், ஸ்பீக்கருக்கு முன்னால் கட்டினால் குரல் அமுங்கும். அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு துணியையும் எடுத்து, நிறம் பார்த்து, ஊதிப் பார்த்து, எனக்குக் காட்டாமலேயே ஒதுக்கினார். இருபதுக்கும் மேல் ஊதியிருப்பார். கடைசியில் கிடைத்தது தளர்வான நெசவுள்ள சாதாரணத் துணி. இழுத்துக் கட்டியதும் முதல் துணியைவிட நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார்.

தாழ்ந்த சுருதிகளுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் சப்வூஃபர். அதற்கு நல்ல இடம் எது என்று தெரிய, அதை உட்காரும் இடத்தில் வைத்து, தாழ்ந்த இசை ஒன்றை ஓடவிட்டு, அறையைச் சுற்றித் தவழ்ந்து கேட்பார்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர். நானும் தவழ்ந்தேன். கிடைத்த இடம் வாசல் கதவு திறக்கும் இடம். அங்கே வைக்கவே முடியாது. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அப்போது கைகொடுத்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர் வைத்தால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் நன்றாகக் குறையும் என்று அதில் காட்டியிருந்தார். பெரியதாக ஒன்று வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, சிறியதாக இரண்டு வாங்கினேன். ஒன்று திரைக்குப் பின்னால். மற்றொன்று பின்சுவரின் நடுவில், அம்மாவின் விளக்கு நிற்கும் மேசைக்குள். 40 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 28 அடி, மேசைக்கு முன்னால் இருக்கும் துணியோ மரக்காலோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சென்டர் ஸ்பீக்கருக்கு எமனாக இருந்த அதே மறைப்பு இதற்கு ஒன்றும் செய்யாது. அதிரக்கூடிய பொருள்களுக்கு மட்டும் அடியில் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும்.

மைக்கைக் காது உயரத்தில் நிறுத்தி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். சத்தம் அளவுக்கு மீறி எழும் சுருதி வரைபடத்தில் மேடாகவும், குறைந்துபோவது பள்ளமாகவும் தெரியும். 31 ஹெர்ட்ஸ் மேடு கிட்டத்தட்ட அடங்கியிருந்தது. 62-ல் ஒன்று மிச்சம் இருந்தது, ஈக்வலைசரில் வெட்டினேன். மேட்டை வெட்டலாம். பள்ளத்தை நிரப்ப முடியாது, எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அந்த இடத்தில் அலை தன்னையே அழித்துக்கொள்ளும். சோபா விஷயத்தில் நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

கூரை ஸ்பீக்கர்கள் நான்கு. விளக்குகளோடு ஒரே வரிசையில் வர வேண்டும் என்றார் அக்கா. ஸ்பீக்கரின் இடத்தைக் கோணம் தீர்மானிக்கிறது, முன் ஜோடி காதிலிருந்து மேல்நோக்கிச் சுமார் 45 டிகிரி. அதனால் ஸ்பீக்கரை முதலில் குறித்துவிட்டு விளக்குகளை அந்த வரிசைக்கு நகர்த்தினோம். வட்ட மூடிகளுக்குக் கூரையின் நிறத்திலேயே பூச்சு. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய துணியை எடுத்துவிட்டு, மிக லேசாக அடிக்க வேண்டும். துளை அடைத்தால் போச்சு.

கேபிளில் மட்டும் அடி வாங்கினோம். ப்ரொஜெக்டர் வரை போகும் நீளமான எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆப்டிகல் வகை, படத்தை ஒளியாக மாற்றி அனுப்புவது. அதற்குத் திசை உண்டு, ஒரு முனை பிளேயர் பக்கம், மறுமுனை ப்ரொஜெக்டர் பக்கம். வேலை செய்தவர் அதைத் தலைகீழாகப் போட்டு, சோதிக்காமல் பூசி மூடிவிட்டார். படம் வரவில்லை. சுவரை உடைத்தோம். இந்தத் தடவை முனையோடு கேபிள் நுழையும் அளவுக்கு அகலமான குழாய் பதித்து, அதற்குள் விட்டு, படம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பூச விட்டேன். எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ரிசீவர் மூடிய அலமாரியில் சூடேறி இரண்டு முறை அணைந்தது. பின்பலகையை வெட்டிச் சத்தமில்லாத மின்விசிறி ஒன்று வைத்ததும் சரியானது.

எல்லாம் முடிந்து முதல் படம் பார்த்தபோது அம்மா நடுவில் ஒரே ஒரு தடவை திரும்பினார். "ஸ்பீக்கரை எல்லாம் எங்கடா எடுத்துட்டீங்க?" என்று கேட்டார். அக்கா சுவரைத் தொட்டுக் காட்டினார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஜன்னல் கண்ணாடி ஒன்று 38 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது மட்டும் கிணுகிணுக்கிறது. அக்கா அதற்கு ஏற்ற ரப்பர் பட்டை தேடிக்கொண்டிருக்கிறார், சட்டத்தின் நிறத்திலேயே வேண்டுமாம்.