ஒரே கோப்பில் ஒருவருக்கே இரண்டு கையெழுத்து

உள்தணிக்கைக்காகப் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கொள்முதல் கோரிக்கை கண்ணில் பட்டது. கோரிக்கை எழுப்பப்பட்ட நேரம் மாலை 4.12, பிரிவுத் தலைவரின் ஒப்புதல் பதிவான நேரம் 4.13. ஒரே நிமிடத்தில் எந்தத் தலைவர் கோப்பைப் படித்து ஒப்புதல் தருவார் என்ற ஐயத்தில் பதிவை விரித்துப் பார்த்தால், இரண்டு இடத்திலும் ஒரே பெயர். விடுப்பில் சென்ற தலைவர் தம் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்திருந்தாரோ, அந்த ஊழியரே தாம் எழுதிய கோரிக்கைக்குத் தாமே ஒப்புதலும் கொடுத்திருந்தார். பொருள் வந்து சேர்ந்திருந்தது, விலையும் சரியாகவே இருந்தது, அவருடைய நேர்மையில் எனக்கு இன்றளவும் ஐயமில்லை. ஆனாலும் கோப்புகளைப் படிப்படியாக நகர்த்தும் எங்கள் அலுவலக மென்பொருள் அதைத் தடுக்கவில்லையே என்பது உறுத்தியது; எந்தப் படியை யார் முடிக்கலாம் என்று அதில் அமைத்துக் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் பணிப்பாய்வு எளிமையானது: கோரிக்கை, பிரிவுத் தலைவரின் ஒப்புதல், கொள்முதல் ஆணை, பொருள் பெற்றதற்கான பதிவு, பில் சரிபார்ப்பு, பணம் விடுவிப்பு. தொடக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் ஆட்களின் பெயரையே எழுதி வைத்திருந்தேன். ஒருவர் இடமாற்றத்தில் போனதும் பதினோரு கோப்புகள் அவருடைய நிலுவைப் பட்டியலிலேயே தங்கிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக வேறொருவர் பெயருக்கு மாற்றிய அன்று பெயர்களை நீக்கிவிட்டுப் பொறுப்புகளை வைத்தேன். பில் சரிபார்ப்போர் என்று ஒரு குழு, அந்தக் குழுவில் எவர் வேண்டுமானாலும் கோப்பை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவர் பெயரில் அது பூட்டிக்கொள்ளும். 1992இல் ஃபெராய்லோ, குன் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய, பொறுப்பை அடிப்படையாகக் கொண்டு அனுமதி வழங்கும் முறை இதுதான். அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

4.13 மணிப் பதிவு அந்த நினைப்பைக் கலைத்தது. ஓர் ஊழியருக்குக் கோரிக்கை எழுப்பும் பொறுப்பும் உண்டு, ஒப்புதல் தரும் பொறுப்பும் உண்டு என்றால், தனித்தனியே பார்க்கையில் இரண்டுமே முறையானவை. தவறு, ஒரே கோப்பில் இரண்டும் சேர்வதில் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இவருக்கு ஒப்புதல் தரும் உரிமை உண்டா என்பதோடு நிற்காமல், இந்தக் கோப்பில் இவர் முன்பே கைவைத்திருக்கிறாரா என்பதுவரை போயாக வேண்டும். கணக்கியலில் காலங்காலமாக இருந்துவரும் இந்தக் கடமைப் பிரிப்பைத்தான், வணிகக் கணினி அமைப்புகளின் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாகக் கிளார்க், வில்சன் என்ற இருவர் 1987இலேயே எழுதினார்கள். 1995இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி வீழ்ந்ததற்கு, சிங்கப்பூர் கிளையில் வணிகம் செய்வதும் அதன் கணக்கை முடிப்பதும் ஒரே மனிதரின் மேற்பார்வையில் இருந்தது முக்கியக் காரணம். அங்கே இழப்பு 80 கோடி பவுண்டுக்கும் மேல். எங்கள் கோப்பு அதன் கால்தூசிக்கும் வராது என்றாலும் ஓட்டை ஒன்றுதான்.

ஒப்புதல் படியில், கோரிக்கை எழுப்பியவரைத் தவிர்த்து என்ற நிபந்தனையைச் சேர்த்தேன். அதே போல, கொள்முதல் ஆணை போட்டவர் பொருள் பெற்றதாகப் பதியக்கூடாது, பில் சரிபார்த்தவர் பணத்தை விடுவிக்கக்கூடாது. உண்மையான தலைவலி பொறுப்பு ஒப்படைப்பில்தான் வந்தது. தலைவர் தம் உரிமையை ஒருவருக்குக் கொடுக்கிறார், அவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கிறார், கடைசியில் ஒப்புதல் யார் பெயரில் பதிவாகும்? எங்கள் அமைப்பில் கொடுத்தவர் பெயர் மட்டும் பதிவான திரைகளும் இருந்தன, செய்தவர் பெயர் மட்டும் பதிவான திரைகளும் இருந்தன. இப்போது இருவர் பெயரும் சேர்ந்தே பதிவாகின்றன. ஒப்படைப்புக்குத் தொடக்கநாளும் முடிவுநாளும் கட்டாயம். பெற்றவர் அதை மறுபடி வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. விலக்கு நிபந்தனையும் உரிமை கொடுத்தவர், செயல்படுபவர் இருவரையும் வைத்தே சோதிக்கப்படுகிறது. தலைவர் எழுப்பிய கோரிக்கைக்கு, அவரிடமிருந்து பெற்ற உரிமையைக் கொண்டு அவருடைய உதவியாளர் ஒப்புதல் தர இயலாது.

இதனால் வேறொரு சிக்கல் முளைத்தது. சிறிய பிரிவுகளில் சில கோப்புகளுக்குத் தகுதியுள்ள ஆளே மிஞ்சவில்லை. கோப்பு எவருடைய பட்டியலிலும் தெரியாமல் மூன்று நாள் அந்தரத்தில் நின்றது. யாரும் மிஞ்சாத கோப்பு தானாகவே ஒரு நிலை மேலே செல்லும்படி மாற்றினேன். இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு பாடம் தற்செயலாகக் கிடைத்தது. அனுமதி இல்லாதவர்களுக்குத் திரையில் ஒப்புதல் பொத்தான் தெரியாதபடி செய்திருந்தேன். ஒரு சக ஊழியர் தமக்குப் பழைய மின்னஞ்சலில் வந்திருந்த இணைப்பைச் சொடுக்க, ஒப்புதல் நேராகப் பதிவாகிவிட்டது. பொத்தானை மறைத்ததால் கண்ணுக்குத்தான் தடை. சர்வருக்கு அப்படி ஒரு தடை இருப்பதே தெரியாது. ஒவ்வொரு படியும் முடியும் கணத்தில் சர்வரே அனுமதியைச் சோதிக்கும்படி திருத்த இரண்டு வாரம் பிடித்தது. அட்மின் கணக்கையும் அப்போதுதான் கவனித்தேன்: அது எந்தப் படியையும் முடிக்கவல்லதாக இருந்தது. சிக்கிய கோப்பை வேறொருவருக்கு மாற்றிவிடும் உரிமையை மட்டும் விட்டுவைத்து, முடிக்கும் உரிமையைப் பறித்தேன். என் உரிமையை நானே குறைத்துக்கொள்வது அவ்வளவு இனிமையாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக மாற்றியது ஒரு வாக்கியத்தை. "அனுமதி இல்லை" என்ற செய்தி வந்தால் எல்லாரும் உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். இப்போது அந்த இடத்தில், "இந்தக் கோரிக்கையை எழுப்பியவர் நீங்கள் என்பதால் இந்தப் படியை உங்களால் முடிக்க இயலாது, இதை முடிக்கக்கூடியவர்கள்" என்று தொடங்கிப் பெயர்ப் பட்டியல் வருகிறது. அதை முதலில் பார்த்தவர் அந்த 4.13 மணி ஊழியர்தான். அவர் என்னை அழைக்கவில்லை. பட்டியலில் முதலில் இருந்தவரை அழைத்திருந்தார்.