முட்டித் தள்ளும் ரயில்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 ஊட்டி மலை ரயிலில் ஏறப் போகும்போதே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏங்கண்ணு, எஞ்சினைப் பின்னாடி மாட்டியிருக்காங்க?"

மலையேறும்போது இந்த எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, கீழிருந்து முட்டித் தள்ளுகிறது. கொக்கி கழன்றாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும், பள்ளத்துக்கு ஓடாது என்று விளக்கினேன். அம்மாவின் முகத்தில் நிம்மதி எதுவும் தெரியவில்லை.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஆரம்பிக்கின்றன. 12 அடி போனால் 1 அடி ஏற்றம் வரும் இடங்களில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம்தான் பட்டையைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட்டின் யோசனை இது. இரண்டு பட்டைகளின் பற்களும் சற்று முன்பின்னாக இருப்பதால் எந்த நேரமும் பிடி விடாது. பின்னால் இருக்கும் ஓட்டுநருக்குப் பாதை தெரியாதே? அதற்குத்தான் பெட்டிகளின் முகப்பில் கொடியோடு பிரேக்ஸ்மேன்கள் நிற்கிறார்கள்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடித்த நேரத்தில் ஒரு குரங்கு என் கையிலிருந்த வடையைக் கொண்டுபோனது. அதைத் துரத்தவெல்லாம் இல்லை. குரங்குக்குத்தான் அங்கே உரிமை அதிகம்.

மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே கிளம்பிவிட்டது. குன்னூர் வரை வண்டி ஓடியது 1899-ல். ஊட்டிக்குப் போனது 1908-ல். எனக்கு இதில்தான் வியப்பு. பல்சக்கரம் தேவைப்பட்ட கடினமான பகுதி முதலில் முடிந்தது. பல்சக்கரமே வேண்டாத மிச்சப் பாதை வர மேலும் 9 ஆண்டுகள்! அதுவரை ரயிலில் வந்தவர்கள் குன்னூரில் இறங்கி வேறு வண்டி பிடித்திருக்க வேண்டும்.

ரயில் வருவதற்கு வெகு காலம் முன்பே ஊட்டி ஊராகிவிட்டது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவிலிருந்து அது வளர்ந்தது. பிறகு மதராஸ் அரசாங்கமே கோடையில் அங்கே குடிபெயர்ந்தது. அந்தக் கல் வீடு இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டினார்கள். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவற்றைக் கட்டினார்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் குளிர்ந்த காற்றில் கடந்தன. 16 குகைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் தூங்கிப் போனேன். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம்! அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகலாம்.

ஊட்டியில் இறங்கியதும் அம்மா கேட்டார்: "கீழ போறப்ப எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கும்?"

"அப்பவும் கீழ்ப்பக்கம்தான்மா. முன்னால நின்னு தாங்கிப் பிடிக்கும்."

"சரி, அப்ப ரயில்லயே போலாம்."