விலை கேட்பதற்கு முன்

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றை வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். விலை கேட்பதற்கு முன்பாக, நீர் எடுக்கப்போகும் இடத்தின் தண்ணீரைப் பருவந்தோறும் பரிசோதித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் உப்பைத் தடுத்து நீரை மட்டும் கடக்கவிடும் சவ்வுகளை அடைத்துப் பாழாக்குவது பெரும்பாலும் உப்பன்று, சேறும் பாசியும் எண்ணெய்ப் படலமுமே. கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினைச் சவ்வை எட்டுமுன் நீக்காவிட்டால், சவ்வில் உப்பைத் தடுக்கும் பாலியமைடு என்ற மெல்லிய நெகிழிப் படலம் சிதைந்து, சுத்திகரித்த நீரிலும் உப்புக் கரிக்கத் தொடங்கும். சவ்வை எட்டுமுன் நீரைத் தூய்மைப்படுத்தும் முன்சுத்திகரிப்பில் சிக்கனம் பார்க்கும் விலைப்புள்ளியை (அதுதான் எப்போதும் மிகக் குறைந்த தொகையாக வந்து நிற்கும்) நான் நம்புவதில்லை.

அடுத்தது மின்சாரம். நீரைச் சவ்வின் வழியே தள்ள 55 முதல் 70 பார் வரை அழுத்தம் தேவைப்படுவதால், கழிவு உவர்நீரின் அழுத்தத்தைத் திரும்பப் பயன்படுத்தும் ஆற்றல் மீட்புக் கருவி இல்லாத நிலையம், வாங்கும் நாளில் மட்டுமே மலிவானது. அக்கருவி உள்ள பெரிய நிலையங்கள் ஒரு கன மீட்டர் நன்னீருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் செலவிடுகின்றன. எனவே விலைப்புள்ளிகளை ஆயுட்காலச் செலவின் அடிப்படையில் ஒப்பிடுமாறு ஆவணத்தில் எழுதியிருக்கிறேன். உள்ளே எடுக்கும் நீரில் பாதிக்கு மேல் ஏறக்குறைய இருமடங்கு உப்புச் செறிவுடன் வெளியேறும் என்பதால், அதைக் கடலில் எங்கே, எவ்வாறு கலக்கவிடுவது என்பதற்கான சுற்றுச்சூழல் அனுமதியைக் கொள்முதல் ஆணைக்கு முன்பே பெற்றுவிட வேண்டும்.