முதலில் முகர்ந்து பாருங்கள்

பழைய பேனாவைக் கையில் கொடுத்தால் எல்லாரும் மூடியைத் திறந்து நிப்பைத்தான் பார்ப்பார்கள். நான் அதன் உடம்பைக் கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து மூக்கருகே கொண்டுபோவேன். காவேரிப்பட்டணத்தில் இத்தனை வருஷமாகக் கெமிஸ்ட்ரி நடத்தியும், 'பேனாவ மோந்து பாக்குற டீச்சர்' என்ற பெயர்தான் நிலைத்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

தேய்த்த சூட்டில் கந்தக வாடை வந்தால் எபனைட். ரப்பரில் கந்தகத்தைத் தாராளமாகக் கலந்து சூடாக்கி இறுக வைத்த பொருள் அது. கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட். கற்பூரமே அதன் சேர்மானத்தில் ஒன்று. எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் பிற்காலத்துப் பிளாஸ்டிக். இது தெரியாமல் கழுவ உட்காரக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. எபனைட்டை வெந்நீரில் போட்டால் கறுப்பு போய்ப் பழுப்பேறிவிடும். செல்லுலாய்ட் நெருப்பருகே போனால் குப்பென்று பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிட் பட்டால் இளகும். 1920கள், 30களில் இங்கிலாந்தில் கான்வே ஸ்டூவர்ட் செய்த சில பேனாக்கள் பாலிலிருந்து எடுத்த கேசினால் ஆனவை. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் உப்பிக் கிடக்கும்.

போன மாங்காய் சீசனில் தெருக்கோடி வீட்டு அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் இரண்டு பேனா கொண்டுவந்தார். அவர் அப்பா பத்திரம் எழுதுகிறவராக இருந்தவர்.

"டீச்சர், இது பார்க்கர் ஃபிஃப்டி ஒன்னுங்க. தங்க நிப்பு. அப்பா பெங்களூர்ல வாங்குனது. இந்தக் கறுப்பு சும்மா லோக்கல். பையன்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்."

"இருங்கண்ணா, அந்தக் கறுப்ப மொதல்ல குடுங்க."

அவர் மனம் ஆறட்டும் என்று பார்க்கரையே முதலில் பார்த்தேன். பார்க்கர் 51 என்ற ரகம் வெளிவந்தது 1941இல். நிப்பு முழுக்க உடம்புக்குள் ஒளிந்து, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். வேகமாகக் காயும் மைக்காகச் செய்த ஏற்பாடு. அந்த வடிவத்தைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். சீனத்து ஹீரோ 616 நம் ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் வந்தது. 51இன் நிப்பு பெரும்பாலும் 14 காரட் தங்கம், ஹீரோவினுடையது ஸ்டீல். ஆனால் மறைந்திருக்கிற நிப்பை வெளியிலிருந்து என்னவென்று பார்ப்பது? அதனால் எழுத்தைத் தேட வேண்டும். 1948க்குப் பிந்தைய 51ஐக் கழற்றினால், மை உறிஞ்சும் ட்யூபை மூடிய உலோக உறையில் பார்க்கர் பெயரும் எப்படி அமுக்குவது என்ற குறிப்பும் பொறித்திருக்கும். அதற்கு முந்தைய அமெரிக்கத் தயாரிப்புகளில் உடம்பில் ஆண்டின் கடைசி இலக்கமும், காலாண்டைக் காட்டும் புள்ளிகளும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூடியின் விளிம்பில் பொடி எழுத்தில் ஹீரோ.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று.

திறந்த நிப்பு என்றால் வேலை சுலபம். மஞ்சளாக இருப்பதெல்லாம் தங்கமாகிவிடாது. காரட் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்துளை ஓரத்தில் மஞ்சள் தேய்ந்து வெள்ளை தெரிந்தால் முலாம். துரு இருந்தால் பேச்சே வேண்டாம்.

கறுப்புப் பேனாவைத் தேய்த்ததும் கந்தகம் கமகமவென்று வந்தது. லேத்தில் கடைந்த எபனைட். விரல் பிடிக்கிற கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் மை ஊற்றுகிற ரகம். ராஜமுந்திரி ரத்னம், சென்னை காமா போன்ற பேனாக் கம்பெனிகளால் தென்னிந்தியாவில் பேரெடுத்த வேலைப்பாடு. இதில் பெயர் எதுவும் பொறித்திருக்கவில்லை. பெயரில்லாத பேனாவுக்கு நாமாக ஒரு கம்பெனியைச் சூட்டுவது எனக்குப் பிடிக்காது. 'எபனைட், கைக்கடைசல்' என்று சீட்டு எழுதினாலே போதும்.

"பாலிஷ் போட்டா இந்தப் பழுப்பு போயி கறுப்பா ஆயிருமாங்க?"

ஆகும். கூடவே உடம்பின் மேல்தோலும், அதிலுள்ள கோடுகளும் போய்விடும். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து மேற்பரப்புக் கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்வதால் வருகிற பழுப்பு அது. அந்தப் பத்திரக்காரர் கையில் அத்தனை வருஷம் இருந்ததற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது? வேண்டாம் என்றேன்.

கழுவுவதில் நம் கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதுவே நிப்புக்கு அடியிலுள்ள நாக்கின் மெல்லிய வாய்க்காலிலும் படியும். ஒகேனக்கல் தண்ணீர் பரவாயில்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது, விலையும் அதிகமில்லை. உடம்பை நனைக்காமல் கழுத்துப் பகுதியை மட்டும் டம்ளரில் நிறுத்தி, நீலம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த மை விடாப்பிடியாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அதற்கு மேல் வீரம் வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் செய்த பிளேடு வைத்தியத்தை மறந்துவிடுங்கள். நிப்பின் பிளவு குறுகலாக இருப்பதால்தான் நுண்புழை ஏற்றத்தால் மை நுனிக்கு வருகிறது. பிளேடை விட்டு அகட்டினால் நுனியில் மை நிற்காது. எழுதும்போது காகிதத்தைக் கீறினால் லென்ஸில் பாருங்கள். இரண்டு முனையில் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி இருக்கும். நகத்தால் மெதுவாகச் சமன் செய்தாலே பாதி சரியாகிவிடும்.

மரையில் துளி சிலிக்கோன் கிரீஸ் தடவினால் கசிவு நிற்கும். பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம், அது ரப்பருக்கு ஆகாது. சட்டைப் பையில் கறை வருவதற்கு இன்னொரு காரணம், மை குறைந்த பேனா. உள்ளே காற்று அதிகம். உடம்புச் சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளும். கால்வாசிக்கு இறங்குமுன் நிரப்பிவிடுங்கள். சாதாரண ஃபவுண்டன் பேனா நீல மை போதும். டிராயிங் இங்க் உள்ளே போனால் பேனா அவ்வளவுதான், அதில் அரக்கு இருக்கும்.

கறுப்புப் பேனா இப்போது சுத்தமாக எழுதுகிறது. பையனுக்கு ஹீரோ போயிற்று. அதையும் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே எழுதுகிறது. அண்ணன் கறுப்பை ஷோகேஸில் வைக்கப் போகிறாராம். மையை முழுக்க எடுத்து, கழுவி, துணியில் கவிழ்த்து உலர்த்திய பிறகு வையுங்கள் என்றேன். அந்த ஷோகேஸ் மேற்கு ஜன்னலுக்கு நேரெதிரே இருக்கிறது. வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.