கல்லைத் தூக்காமல் எழுதியது

9 ஜூன் 2025

அஃபிலியேட் கணக்குத் திறந்து பத்து நாள் ஆகிறது. நான் போடும் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும், அவ்வளவுதான். அதற்குள் 47 பதிவு போட்டாயிற்று. நாய் பிஸ்கட், புரோட்டீன் பவுடர், ஜிம் கையுறை, டயப்பர். எங்கள் வீட்டில் நாயும் இல்லை, குழந்தையும் இல்லை, நான் ஜிம் பக்கம் போனதும் இல்லை. கமிஷன் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு, எதில் சதவீதம் கூடுதலோ அதையெல்லாம் எடுத்து எழுதினேன். வரவு 0 ரூபாய்.

21 ஜூன்

டேஷ்போர்டில் 312 கிளிக்! விற்பனை இன்னும் 0.

லிங்கைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன். மதியம் அத்தை போன் பண்ணி, “கண்ணு, நாலு தடவை அமுக்கிட்டேன், காசு வந்துருச்சா?” என்றார். கல்யாண மொய் மாதிரி ஆளாளுக்கு நாலு கிளிக் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

8 ஜூலை

அக்கா மிக்ஸி வாங்கப் போவதாகச் சொன்னாள். “என் லிங்க்ல வாங்குக்கா” என்றேன். கமிஷன் ஏறியது. நாலே நாளில் இறங்கியும் விட்டது. அப்புறம்தான், அன்றைக்குப் படிக்காமலே சம்மதம் கொடுத்த விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். நாமே வாங்கினாலும் சரி, சொந்தபந்தம் வாங்கினாலும் சரி, கமிஷன் கிடையாது. தெளிவாகவே எழுதியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான்.

அமேசான் விதிகளையும் கூடவே பார்த்தேன். ஒரு கிளிக்குக்கு ஆயுள் 24 மணி நேரம், அந்த நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். அதற்குள் கூடையில் போட்டுவிட்டால் மட்டும் கெடு நீளும். சேர்ந்த 180 நாளில் 3 விற்பனையாவது இல்லையென்றால் கணக்கு போய்விடும். ஊரெல்லாம் லிங்க் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கலாம் என்ற என் கணக்கு எவ்வளவு அபத்தம்.

19 ஜூலை

ஆடித் தள்ளுபடி நேரமாயிற்றே என்று டேபிள்டாப் கிரைண்டருக்கு ஒரு பதிவு. கம்பெனி பக்கத்தில் இருந்த வாட்ஸ், லிட்டர், வாரண்டி எல்லாவற்றையும் தமிழாக்கி, ‘சமையலறையின் ராணி’ என்று தலைப்பும் வைத்தேன். இரவு ஒரு அம்மா எழுதியிருந்தார்: “தம்பி, எனக்குத் தோள்பட்டை வலி. மாவு அரைச்சதும் பாத்திரத்தைக் கல்லோட தூக்க முடியுமா?”

தெரியவில்லை. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவன், அந்தக் கல்லை ஒரு நாளும் தொட்டதில்லை.

27 ஜூலை

அம்மாவிடம் சொன்னேன். “மொதல்ல ஒரு ஈடு அரைச்சுப் பாரு சாமி, அப்புறம் எழுதலாம்.”

நாலு ஆழாக்கு இட்லி அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து. ஊறப்போட்டது அம்மா, மற்றதெல்லாம் நான். உளுந்துக்குத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டேன். பருப்பு கல்லுக்கடியில் சிக்காமல் சும்மா சுற்றி வந்தது. கையால் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டுமாம். அரை மணி நேரம் கழித்து நிறுத்திவிட்டுக் கல்லைப் பிடித்தால் வழுக்குகிறது. ஒரு கையில் கல்லைத் தூக்கிப் பிடித்தபடி மறுகையால் அதில் ஒட்டிய மாவை வழிக்க வேண்டும். தோள்பட்டைக்காரருக்கு வலி கிளம்புகிற இடம் அதுதான். பிறகு பாத்திரத்தைக் கழற்றி சிங்க் வரை சுமப்பது, நடுக்குழலைச் சுற்றிக் காய்ந்துபோன மாவை விரல் நகத்தால் சுரண்டுவது. நான் மொழிபெயர்த்த பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

பழைய பதிவை அழித்துவிட்டு இதையே எழுதினேன். அந்த அம்மாவுக்குப் பதில்: “கல்லோட சேர்த்துத் தூக்காதீங்கம்மா, கல்லை முதல்ல தனியா எடுத்துடுங்க. அதுவே கஷ்டம்னா சாய்க்கிற மாடல் பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி கடைக்குப் போய் ஒரு தடவை தூக்கிப் பாருங்க.” அனுப்பிய பிறகுதான் உறைத்தது: கடைக்குப் போகச் சொல்லிவிட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?

12 ஆகஸ்ட்

“இதுல உனக்குக் காசு வருதுன்னு எங்கயாவது சொல்லியிருக்கியாடா?” என்று நண்பன் கேட்டான். சொல்லியிருந்தேன். பத்து ஹேஷ்டேக்குக்கு நடுவே, ஆங்கிலத்தில், ஒரே ஒரு சொல்லாக.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் கூடாது என்கிறது. ஹேஷ்டேக், லிங்க் கூட்டத்தில் ஒளிக்கக் கூடாது. பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் தடவையே அபராதம் 10 லட்சம் வரை போகலாம். என் மொத்தக் கமிஷன் இன்றுவரை 186 ரூபாய்.

முதல் வரியிலேயே போட்டுவிட்டேன்: “இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் வரும்.” கிளிக் குறைந்ததா என்றால், குறைவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

4 செப்டம்பர்

ஒரே வாரத்தில் மூன்று கிரைண்டர்! குதித்துக்கொண்டு 1,800 ரூபாய்க்கு மைக் ஆர்டர் போட்டேன். அடுத்த நாளே ஒன்று ரிட்டர்ன், அதன் கமிஷன் கழிந்தது. மீதிப் பணம் கைக்கு வர இரண்டு மாதம் ஆகும். மைக் நாளைக்கு வருகிறது.

28 செப்டம்பர்

“3,499-னு போட்டிருக்கீங்க, உள்ள போனா 4,150 காட்டுது. என்ன ஏமாத்து வேலை இது?” என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். ஜூலையில் பார்த்த விலையை அப்படியே எழுதி வைத்திருந்தேன். அது தினமும் ஏறி இறங்குவது. எல்லாப் பதிவிலிருந்தும் விலையை எடுக்கவே பாதி ஞாயிறு போயிற்று.

சாயங்காலம் அந்தத் தோள்பட்டை அம்மா போட்டோ அனுப்பியிருந்தார். காந்திபுரத்தில் ஒரு கடையில் தூக்கிப் பார்த்து, சாய்க்கிற மாடலே வாங்கிவிட்டாராம். “நல்லா இருக்கு தம்பி.” நல்லது. எனக்கு நயா பைசா இல்லை.

கிரைண்டர் லிங்க்கில் இந்த வாரம் 4 விற்பனை. லிங்க் வழியாக உள்ளே போனவர் வேறு எதை வாங்கினாலும் நம் கணக்கில் ஏறும் என்பதால் என்னென்ன போயிருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு டீ வடிகட்டி, ஒரு செல்போன் கவர், ஒரு பாக்கெட் நாய் பிஸ்கட்.