அப்பல்லோ 10 கேமராவின் வண்ணச் சக்கரம்: வீட்டில் செய்து பார்த்த அனுபவம்

1969 மே மாதம் அப்பல்லோ 10 விண்கலத்திலிருந்து முதன்முறையாக வண்ணத்தில் நேரலை வந்தபோது, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த அந்தக் கேமராவுக்குள் இருந்தது, ஒளியை மின்குறிப்பாக மாற்றும் கறுப்பு வெள்ளைப் படக்குழாய் ஒன்றுதான். பல குழாய்கள் கொண்ட ஸ்டூடியோ கேமராவின் எடையையும் மின்செலவையும் விண்கலம் தாங்காது என்பதால், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை இரண்டிரண்டாக, மொத்தம் ஆறு பதித்த சக்கரத்தைக் குழாயின் முன்னே நொடிக்குச் சுமார் 10 முறை சுழலவிட்டு, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படமாக அனுப்பினார்கள். அவற்றை வண்ணமாகச் சேர்க்கும் வேலை பூமியில், ஹூஸ்டனிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தில் நடந்தது. இந்த ஏற்பாட்டின் அழகுக்காகவே இதைச் செய்து பார்க்க விரும்பினேன்.

மேற்பூச்சைச் சுரண்டி எடுத்த பழைய சிடி ஒன்றில் மூன்று நிறக் கண்ணாடித் தாள்களை ஒட்டி, ஸ்டெப்பர் மோட்டாரில் பொருத்தி, நொடிக்கு 15 படம் எடுக்கும் கறுப்பு வெள்ளை வெப்கேமராவின் முன்னே நொடிக்கு 5 சுற்று சுழல வைத்தேன். நீலத் தாள் ஒற்றையாக இருந்தபோது பச்சை ஒளியையும் உள்ளே விட்டது; இரண்டாக மடித்து ஒட்டியதும் நிறம் சரியானது, ஆனால் அந்தப் படம் மட்டும் மங்கியதால் கணினியில் அதன் வெளிச்சத்தைக் கூட்டினேன். எந்தப் படம் எந்த நிறம் என்பது அடிக்கடி இடம் மாறி, மஞ்சள் துணி திடீரென ஊதாவாகத் தெரிந்தது. சிவப்புப் பகுதியின் ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புத் துண்டை ஒட்டி, படத்தின் மூலையில் அது தெரியும்போது நிரல் சிவப்பென்று அறியும்படி செய்த பிறகே அந்த இடமாற்றம் நின்றது.

மூன்று மூன்று படங்களாகச் சேர்த்தபோது நொடிக்கு 5 வண்ணப் படங்களே கிடைத்து, அசைவு தத்தித் தத்தி வந்தது. ஹூஸ்டனில் வந்த படங்களைச் சுழலும் காந்தத் தட்டில் தேக்கி, புதிதாக வரும் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய இரண்டோடு சேர்த்தார்கள். நிரலை அவ்வாறே மாற்றியதும், கேமராவைத் தொடாமலே, நொடிக்கு 15 வண்ணப் படங்கள் வந்துவிட்டன. இந்த வேலையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கட்டம் இதுவே.

அசையாத குத்துவிளக்கு பித்தளை நிறத்தோடு தெளிவாகத் தெரிகிறது. கையை வீசினால் விரல்கள் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அப்பல்லோ ஒளிப்பதிவுகளில் வேகமாக அசையும் பொருள்களின் ஓரத்தில் தெரியும் நிறக்கோடுகளும் இவையே. அவர்களுக்கு நொடிக்குச் சுமார் 60 படங்கள் கிடைத்ததால் கோடுகள் மெலிந்திருந்தன. அடுத்து, நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவை வைத்து இதே கையசைவை மறுபடி பதிவு செய்யப் போகிறேன்.