பதினாறு பக்கப் புத்தகமும் ஒரு மாட்டு வண்டியும்

மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 31 பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆசிரியர்கள் இருவர். பழைய நூல்களைத் தைத்து அட்டை போடுவது எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதை அறிந்த தலைமையாசிரியர், பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், அலமாரியில் கிழிந்து கிடந்த நூல்களைச் சீர்செய்து தர முடியுமா என்று கேட்டார். திண்ணையில் அமர்ந்து நான் தைத்துக்கொண்டிருந்தபோது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து, “தாத்தா, இன்னும் எழுதாத புத்தகத்தையும் இப்படித் தைக்கலாமா?” என்று கேட்டாள். பின்னர் நடந்தவை யாவும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியவை.

நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். முதல் முயற்சியில், படம் வரைய வசதியாக இருக்கும் என்று தாள்களைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்தேன். மீண்டும் அடுக்கியபோது கதையின் முடிவு நடுவிலும் தொடக்கம் கடைசியிலும் வந்து நின்றன. அடுத்த வாரம், எழுதுவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களுக்கும் பென்சிலால் எண் இடச் செய்தேன். தாளைப் பிரித்துப் பார்த்த ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒரே முகத்தில் 16உம் 1உம், அதன் மறுமுகத்தில் 2உம் 15உம் இருப்பதைக் கண்டு, எந்த முகத்தைக் கூட்டினாலும் 17 வருகிறது என்று அறிவித்தான். அதன் பிறகு பக்கம் மாறவே இல்லை.

தையலுக்கு மூன்று துளைகள் போதும். குத்தூசியால் மடிப்பில் துளையிடும் வேலையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் நுழைந்து, உட்புறமாகக் கீழ்த்துளைக்குச் சென்று வெளிவந்து, மீண்டும் நடுத்துளையில் நுழைந்து முடிச்சிடுவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். பசைதான் சிக்கலாயிற்று. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைபடும் இடத்தில் கலக்கவில்லை. விளைவாக முதல் இரண்டு அட்டைகளைக் கரப்பான்கள் அரித்துவிட்டன. ஆகவே பசையையே விட்டுவிட்டு, வீடுகளில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகை அட்டைகளை மேலுறையாக்கித் தாளோடு சேர்த்தே தைத்தோம்.

உருவான நூல்களில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். மேட்டூர் அணையில் திறந்த நீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த நாளை ஒரு மாணவன் எழுதினான். 16 பக்கங்களிலும் ஒரே நீலக் கோடு. பக்கத்துக்குப் பக்கம் அது ஒரு மதகைத் தாண்டுகிறது, ஒரு பாலத்தின் அடியில் நுழைகிறது, நண்டு வளையை நிரப்புகிறது, கடைசிப் பக்கத்தில் அவன் பாட்டியின் நாற்றங்காலில் முடிகிறது. அங்கே பாட்டி, “தண்ணி வந்துருச்சுடா” என்கிறாள். அதனைத் “தண்ணீர் வந்துவிட்டது” என்று திருத்த வேண்டும் என ஆசிரியை கருதினார். பாட்டி அப்படிப் பேசமாட்டாள் என்று அவன் உறுதியாகச் சொன்னான்; நானும் அவன் பக்கமே நின்றேன். எழுத்துப் பிழைகளைத் திருத்துவது, மனிதர்களின் பேச்சை அப்படியே விடுவது என்று அன்று முடிவாயிற்று.

செய்து முடித்த நூல்களைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் பூட்டிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் வகுத்த விதி. பிள்ளை எழுதிய நூலுக்கும் அது பொருந்தும். எனவே அவற்றுக்கும் வரிசை எண் இட்டு, அச்சு நூல்களோடு கலந்து அடுக்கி, வழங்கல் பதிவேட்டில் ஏற்றினோம். தோழன் எழுதியதைத் தேடி வந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்த அச்சு நூலையும் சேர்த்து எடுத்துச் சென்றார்கள்.

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடி மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. அந்த மண்ணின் பிள்ளைகள் அதை அறிய வேண்டும் என்ற எண்ணத்தில், நவம்பர் 14இல் தொடங்கும் தேசிய நூலக வாரத்தில் நாங்களும் ஒரு வண்டி கட்டினோம். ஊரில் ஒருவரிடம் மட்டுமே டயர் வண்டியும் மாடுகளும் எஞ்சியிருந்தன. மழையால் இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாவது நாள் தார்ப்பாயின் கீழ் நூல்களை அடுக்கி நான்கு தெருக்களிலும் நிறுத்தினோம். எழுதியவர்களே வாசித்துக் காட்டினார்கள். களை பறித்துத் திரும்பிய பெண்கள் சேற்றுக் காலோடு நின்று வாய்க்கால் கதையைக் கேட்டார்கள். அவர்களுள் ஒருவர் அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேட்டு, பதிவேட்டில் தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

அந்த நூல் இதுவரை 14 பேரிடம் சென்று திரும்பியிருக்கிறது. போன சனிக்கிழமை அதன் நூலிழை தளர்ந்துவிட்டதாகச் சொல்லி, எழுதியவனே எடுத்து வந்தான். நான் குத்தூசியைத் தேடியபோது, பழைய துளைகளே போதும் என்று கூறி, ஊசியை வாங்கித் தானே தைத்துக்கொண்டான்.